முதல் பில்லைக்கு வைத்த பொட்டு

எங்கள் மையத்துக்குப் போன மாதம் புது மென்பொருள் ஒன்று வந்திருக்கிறதாம். ஸ்கேன் படத்தில் எங்காவது கறுப்பாகக் கோடு விழுந்தால், அது கருவியின் குறையால் வந்தது என்று தானே முடிவு செய்து, தானே அழித்து, படத்தைத் துடைத்துக் கொடுத்துவிடுமாம். இப்போது அங்கே மேலாளராக இருக்கும் பெண் போனில் இதைச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, "ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணுங்க மேடம். உங்க காலத்து அனுபவம், நல்லதா நாலு விஷயம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். நல்லதாக நாலு விஷயம் என்னிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மென்பொருளைப் பற்றிக் கேட்ட பிறகு அவையெல்லாம் பேனாவில் இறங்க மறுக்கின்றன. கோட்டை அழிப்பது பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதை எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போனதும் அப்பா எங்களை விருத்தாசலத்துக்குக் கூட்டிவந்தார். இங்கேயே செராமிக் டிப்ளமோ படித்தேன், வகுப்பில் நானும் இன்னொருத்தியும் மட்டும்தான் பெண்கள். அப்புறம் பல வருஷம் வாஷ்பேசின் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கீறல் விழுந்த சரக்கைக் கீறல் இல்லை என்று யாராவது சாதித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுத்தில் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிடுவேன். ஃபைலம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்தான் என்னை ஆராய்ச்சி மையத்துக்கு மேலாளர் ஆக்கியது என்று நினைக்கிறேன்.

மையம் என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். செராமிக் பேட்டையில் ஒரு பழைய குடோன். சுற்றிலும் ஃபியூஸ் கட்டை, பொம்மை, கப்பு சாசர் செய்கிற பட்டறைகள். வாசலில் உடைந்த பீங்கான் மேடு. உள்ளே ஏசி, கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேன் அறை. எத்தனை தடவை துடைத்தாலும் எல்லாவற்றின் மேலும் வெள்ளை மண் தூசு படிந்துகொண்டே இருக்கும்.

ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றின் மேல் வைத்து நகர்த்துவார்களே, அந்தக் கைப்பிடிக்குப் புரோப் என்று பெயர். அதன் முனையில் மெல்லிய பீங்கான் பில்லை இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் பில்லை அதிரும். காதுக்குக் கேட்காத அந்த ஓசை உடம்புக்குள் போய்த் திரும்பி வருவதுதான் திரையில் படமாகத் தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இந்தப் பில்லையைப் பீங்கான் ஊரான இங்கேயே ஏன் சுடக்கூடாது என்று சிலருக்குத் தோன்றியது. சூளைக்காரர்கள் சங்கம், ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு மருத்துவக் கல்லூரி, மூன்றும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது என் வேலை.

செவ்வாய்க்கிழமை கூட்டம் என்றாலே எனக்குத் தலைவலி மாத்திரை வேண்டும். படம் சரியில்லை என்றால் சூளைக்காரர்கள் ஒயரில் குறை என்பார்கள். ஒயர் வைத்த இன்ஜினியர்கள் பில்லையில் குறை என்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு டாக்டருக்குப் புரோப் பிடிக்கத் தெரியவில்லை என்பார்கள். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, வேப்பூரில் இறங்கி, எங்கள் வண்டிக்காக வெயிலில் நின்றுவிட்டு வரும் டாக்டர் நசீமா அதைக் கேட்டால் சும்மா இருப்பாரா?

இத்தனை சத்தத்துக்கும் நடுவில் இயக்குநர் தேவசகாயம் சார் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். அவருக்கென்று சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சோதனை மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதுதான் அவர் இடம். ஒரு காகிதத்தை விரித்து, தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் குவித்துக்கொண்டே எல்லோரும் பேசி முடிக்கும்வரை கேட்பார். கடைசிக் கடலை உரிந்ததும் நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"திருப்பிப் பாத்தாச்சா?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் இதுதான். படத்தில் கறுப்புக் கோடு தெரிகிறதா? புரோபை அதே இடத்தில் வைத்தபடி இடவலமாகத் திருப்பு. திருப்பிய பிறகும் கோடு திரையில் அதே பக்கம் நின்றால் குறை புரோபில் இருக்கிறது. கோடு மறுபக்கம் போய்விட்டால் அது உடம்புக்குள் இருக்கிறது. அரை நிமிஷ வேலை. அதைச் செய்துவிட்டால் கூட்டத்தில் பாதிச் சண்டைக்கு இடமே இருக்காது. எங்கள் சோதனைத் தாளில் இதற்காகவே மூன்று கட்டம் போட்டிருந்தார். கோடு தெரிந்ததா, திருப்பிப் பார்க்கப்பட்டதா, காரணம் என்ன.

முதல் வருஷமே அந்தக் கேள்வி வேலை செய்தது. வரிசையாக வந்த புரோப்களில் சிலவற்றில் மட்டும் ஒரு கோடு. திருப்பிப் பார்த்தோம், அசையவில்லை. பிரித்துப் பார்த்தால், பில்லையின் மேல் பூசிய வெள்ளிப் பூச்சு மிளகு அளவுக்கு ஓர் இடத்தில் உரிந்திருந்தது. ஒரே சூட்டில் வெந்த பில்லைகள் ஒரு லாட். அந்த லாட் பதிவேட்டைப் புரட்டினேன். கோடு விழுந்தது எல்லாமே சூளையிலிருந்து முதலில் எடுத்த பில்லைகள். ஒவ்வொரு லாட்டிலும் முதல் பில்லை மட்டும் ஏன் கெட வேண்டும்?

சூளையில் பில்லை அடுக்கி, சுட்டு, எடுப்பது அஞ்சலை. பெண்ணாடத்துக்குப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். எங்களுக்குப் பில்லை சுட்டுக்கொடுத்த சூளைச் சொந்தக்காரரிடம் நெடுநாளாக வேலை செய்தவர். கணீரென்ற குரல். பேட்டையின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் லாரிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"முத பில்லைக்கு மஞ்சப் பொட்டு வைப்பங்க" என்றார் அஞ்சலை, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "சூளை தொறந்ததும் மொத உருப்படிக்கு வச்சிக் கும்புட்டுட்டு, தொடச்சி அடுக்கிடுவேன். கப்புக்கும் அப்புடித்தான், கட்டைக்கும் அப்புடித்தான்."

கப்புக்கு ஒன்றும் ஆகாது. மஞ்சளோடு சேர்ந்த விரல் எண்ணெய் பில்லையில் ஒட்டிக்கொண்டால் அதன் மேல் வெள்ளி பிடிக்காது. நான் கத்திவிட்டேன். ஆறு மாச வேலை, இரண்டு கல்லூரி, எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம் தெரியுமா, இனிமேல் பொட்டு கிட்டு என்று ஏதாவது பார்த்தேனோ... என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. இன்னொரு நாளும் அப்படித்தான். பில்லை அடுக்கும் தட்டில் ஈரம் இருக்கிறது, இன்று சுட வேண்டாம் என்று அஞ்சலை சொன்னார். அட்டவணையில் இன்றைக்கு என்று இருக்கிறது என்று நான் சுடச் சொல்லிவிட்டேன். பாதி வெடித்துப்போனது. அவர் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை.

சார் கடலைத் தோலை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். "சாமிக்குப் பொட்டு வேணும், அவ்வளவுதானேம்மா? பில்லை மேலதான் வேணும்னு சாமி கேட்டுதா? சூளைக் கதவுல வைங்க" என்றார். அஞ்சலை சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பொட்டு சூளைக் கதவுக்குப் போனது. கோடும் நின்றது. இரண்டு வருஷம் கழித்து, மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்க அனுமதி வந்தது.

அந்தச் சமயத்தில் சாருக்குக் கண் ஆபரேஷன். அடுத்தடுத்து இரண்டு கண்ணுக்கும். சில மாதம் கடலூரில் மகள் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. பொறுப்பு என்னிடம் வந்தது. ஐப்பசி மழை. கழுத்துப் பகுதியைப் படம் எடுப்பது எங்கள் முதல் கட்டம். தானாக முன்வரும் ஆட்களைப் பேட்டையிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் சொல்லிச் சொல்லிச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை, அனுமதி கொடுத்த குழு சோதனையைப் பார்க்க வருகிறது. வியாழன் மத்தியானம் ஒரு ஆள் குறைந்தது, வரவேண்டியவர் மழையைச் சொல்லி வரவில்லை.

"நான் படுத்துக்கவா மேடம்?" என்று அஞ்சலைதான் கேட்டார். பில்லைப் பெட்டி கொடுக்க வந்தவர்.

மையத்தில் வேலை செய்பவர்களைச் சேர்க்கக்கூடாது என்பது விதி. அஞ்சலை மையத்து ஆள் இல்லை, சூளைச் சொந்தக்காரரின் ஆள் என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். விதியில் ஓட்டை தேட ஃபைலம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையெழுத்து வாங்கினேன். டாக்டர் நசீமாவிடம் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் படம் எடுத்தார். டாக்டர் மொத்தமாக அப்புறம் பார்ப்பார்.

திரையில் கழுத்தின் இடப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது.

டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் படுத்திருந்த அஞ்சலை திரையைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"மேடம், திட்டாதீங்க. அது நான் வச்ச பொட்டுங்க."

"என்ன சொல்றீங்க?"

"இந்த லாட்டுக்கு வச்சிட்டேங்க. மனுசங்க மேல வைக்கப் போற மொத லாட்டாச்சே, மனசு கேக்கல. கதவுல வச்சா பத்தலன்னு தோணிச்சி. முத பில்லைக்கு லேசா வச்சித் தொடச்சிட்டேன். எங்க மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க, வேலைய வுட்டு நிறுத்திடுவாரு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன பயன்? காரணம் தெரிந்துவிட்டது. குழுவுக்குப் பதில் சொல்லிவிடலாம். "சரி, யாருகிட்டயும் சொல்லல. வூட்டுக்குப் போங்க" என்று பெரிய மனசோடு அனுப்பி வைத்தேன். தாளை எடுத்து முதல் கட்டத்தில் ஆம் என்று எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் புரோப் குறை, பில்லை, காரணம் தெரிந்ததே என்று எழுதினேன். நடுக்கட்டத்தைக் காலியாக விட்டேன். திருப்பிப் பார்க்காமல் பார்த்தேன் என்று எழுத எனக்குக் கை வராது, நான் பொய் எழுதுகிறவள் இல்லை என்று அந்த நேரத்தில் ஒரு பெருமை வேறு. புரோப் குறை என்று நான் எழுதியிருந்த படத்தை டாக்டர் நசீமா தள்ளி வைத்துவிட்டார். எழுதியது மேலாளர், அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

பொங்கல் முடிந்து சார் திரும்பி வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. அறிக்கை எழுதுவதற்காக எல்லாத் தாள்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். மூன்றாம் நாள் ஒரே ஒரு தாளோடு என் அறைக்கு வந்தார். கையில் கடலை இல்லை.

"இத திருப்பிப் பாத்தாச்சா?"

நடந்ததைச் சொன்னேன். அஞ்சலை தானே ஒத்துக்கொண்டார் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு லாட் பதிவேட்டைக் கேட்டார். அது என் மேசையிலேயே, என் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. மூன்று மாதமும் அங்கேதான் இருந்தது. பிரித்துக் கொடுத்தேன். அந்த லாட்டின் முதல் பில்லைக்கு நேராக, என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. அளவுக்கு அறுக்கும்போது உடைந்தது, நீக்கப்பட்டது.

அஞ்சலை பொட்டு வைத்த பில்லை எந்தப் புரோபுக்குள்ளும் போகவே இல்லை.

சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அஞ்சலையக் கூட்டிவர வண்டிய எடுக்கச் சொல்லுங்க. டாக்டரையும் உடனே வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் டாக்டர் நசீமா அதே புரோபை அஞ்சலையின் கழுத்தில் வைத்தார். கோடு இடப்பக்கம் இருந்தது. கையை மெதுவாகத் திருப்பினார். கோடு திரையின் மறுபக்கம் போய் நின்றது. கோட்டின் தலையில், ஓசையை மேலே போகவிடாமல் மறித்துக்கொண்டு, சுண்ணாம்புக் கல் மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. டாக்டர் புரோபை எடுக்காமல் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடிச்சாங்க மேடம்? கோடு போயிடிச்சா?" என்று அஞ்சலை என்னைக் கேட்டார்.

தைராய்டில் கட்டி. புற்றுநோய். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. இந்த வகை பெரும்பாலும் குணமாகிவிடும் என்று சொன்னார்கள், குணமும் ஆனது. ஆனால் கட்டி குரல் நரம்பைப் பிடித்திருந்தது. நரம்பை விட்டுக்கொடுத்துத்தான் கட்டியை எடுக்க முடிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரைத் தாழ்வாரத்தில் மறித்து, மூன்று மாதம் முன்னாடி வந்திருந்தால் குரல் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. வந்திருந்தா நல்லதுதான்" என்றார். அந்தப் பதிலை இன்றுவரை நானும் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அஞ்சலை வீடு திரும்பிய பிறகு பெண்ணாடம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர் வீட்டுக்குப் போனேன். கரும்பு டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்த ரோட்டோரத்தில் வீடு. கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். குரல் காற்றாக வந்தது. டிராக்டர் போகும்போது ஒன்றும் கேட்கவில்லை, அவர் உதடு மட்டும் அசைந்தது.

"வேணாம்னு சொன்ன பெறவும் பொட்டு வச்சேன்ல, சாமி எனக்கே குடுத்துடிச்சி" என்றார்.

அதைக் கேட்டபின் உட்காரமுடியவில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். விரித்துக் காட்டி, அவர் பொட்டு வைத்த பில்லை அறுக்கும்போதே உடைந்துபோனதைச் சொன்னேன். அவர் பொட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அரை நிமிஷம் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், பார்க்காதது நான்தான் என்றும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையைப் பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே அது வரவில்லை.

அஞ்சலை ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியும், மெதுவாகப் படிப்பார். பிறகு நிமிர்ந்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நான் சொன்னத எதுக்கு மேடம் நம்புனீங்க?"

தாளை என் பக்கம் நீட்டினார்.

"ஈரம் இருக்குது, சுடாதீங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா? கதவு இழுத்துப் பிடிக்குது, ஆளக் கூப்புடுங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா? எத்தினி வருசமா எத்தினி சொல்லியிருக்கேன். ஒரு தடவ கேட்டிருப்பீங்களா?" மூச்சு வாங்கியது. "அன்னைக்கி மட்டும் ஏங்க கேட்டீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. இதுதான் பதில். அதைச் சொன்னேன். இவ்வளவு வருஷ வேலையில் நான் சொன்ன நேர்மையான வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மகள் டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

சார் எல்லாவற்றையும் சங்கத்துக்கும் இரண்டு கல்லூரிக்கும் எழுதினார். விதியை வளைத்தது, நடுக்கட்டத்தைக் காலியாக விட்டது, எதையும் விடவில்லை. என்னைக் காப்பாற்றவும் இல்லை, மாட்டிவிடவும் இல்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், எச்சரிக்கை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அப்புறம் நடுக்கட்டம் காலியாக இருந்தால் தாளே செல்லாது என்று விதி வந்தது. சூளையில் சுடலாமா வேண்டாமா என்று சொல்கிற கையெழுத்து அஞ்சலையுடையது என்றும் ஒரு விதி வந்தது. இரண்டாவதை எழுதிக் கொடுத்தது நான். அவர் வேலைக்குத் திரும்பி வந்தபிறகு ஒரு வருஷத்துக்கு மேல் தேவைக்கு மட்டும்தான் என்னோடு பேசினார். ஈரம் என்பார், நிறுத்திவிடுவேன். இன்னைக்குச் சுடலாம் என்பார், சுடுவோம்.

நான் ஓய்வு பெற்ற அன்றைக்குச் சால்வை, மாலை, ஸ்டீல் குத்துவிளக்கு எல்லாம் வந்தன. கடைசியில் அஞ்சலை வந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். சாதாரண வெள்ளை டீ கப்பு, அவர் சூளையில் சுட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் கப்பு கொடுத்தாலும் அடியில் என்ன முத்திரை என்று முதலில் கவிழ்த்துப் பார்ப்போம். மேடை என்றும் பார்க்காமல் நானும் கவிழ்த்தேன்.

அடியில் மஞ்சள் பொட்டு.

"மொத உருப்படி" என்றார் அஞ்சலை, எனக்கு மட்டும் கேட்கிற காற்றுக் குரலில். "இதுல கோடு வராது. குடிங்க."

இப்போதைய மேலாளருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள், தடுக்க நான் யார்? அது கோட்டை அழிக்கிறதற்கு முன்னால் ஒரு ஆள் புரோபைத் திருப்பிப் பார்க்கட்டும். நமக்கு வசதியான காரணத்தை யாராவது, எதுவாவது, கையில் கொண்டுவந்து கொடுக்கிற அன்றைக்குக் கட்டாயம் பார்க்கட்டும்.

அந்தக் கப்பில்தான் தினமும் டீ குடிக்கிறேன். கழுவிக் கழுவிப் பொட்டு அழிந்து ரொம்ப நாளாகிறது. ஆனாலும் டீ ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுகிறேன்.